கேமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் ஒரு பழைய வீடியோ கேமரா இருக்கிறது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்கிற பெரிய ரகம். ஓடாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது அதை இறக்கித் துடைத்து மறுபடி அங்கேயே வைத்துவிடுவேன். அதன் முகப்பில், லென்சுக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கேசட்டில் படம் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக எரிகிற விளக்கு. அந்த விளக்கின் மேல் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அரக்கு நிறம், வெல்வெட்டு. பசை காய்ந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும்போதெல்லாம் ஒரு சொட்டு கோந்து வைத்து அமுக்குவேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன, ஆயுத பூஜைக்கு வெச்சதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. போன மாதத்திலிருந்து அங்கே பொட்டு இல்லை. விளக்கைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் மட்டும் வெளுக்காமல் கறுப்பாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுத்துவிட்டார்கள், தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். பயம் மட்டும் என் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் எனக்குக் கால் நகரும். அப்படிப்பட்டவள் கையில் வீடியோ கேமரா வந்தது ஒரு விபத்து மாதிரிதான். வீட்டுக்காரருக்குக் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பாக்டரியில் ஷிப்டு வேலை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் கேமராவும் இரவல் வாங்கிக் கல்யாணம் காதுகுத்துக்குப் போக ஆரம்பித்தார். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று வந்தால், "பொம்பளைங்க இருக்கிற எடம் சார், உங்க வீட்டம்மா எடுப்பாங்களா?" என்று கேட்டார்கள். அவருக்கும் ஷிப்டு இடித்தது. கேமராவை என் தோளில் வைத்து, "இந்தப் பட்டன அமுக்கு, நடுங்காத" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் நடுங்கினேன். படமும் நடுங்கியது. ஆனால் ஒன்று. கூட்டத்தில் யார் கால் ஒயரில் தட்டும், பாட்டரி எப்போது தீரும், கரண்ட் எப்போது போகும் என்று முன்கூட்டியே கவலைப்படுகிற ஆளுக்கு அந்த வேலை நன்றாகவே பொருந்தியது.

மாஸ்டரும் அக்காவும் எங்கள் பின்போர்ஷனில் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் அனகாபுத்தூர். மாஸ்டர் வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த மேஜிக் அதற்குப் பிறகு பிழைப்பாகிவிட்டது. பள்ளிக்கூடம், பிறந்த நாள், சர்ச் விழா என்று கறுப்புக் கோட்டைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு, லுங்கியோடு சைக்கிளில் போவார். போய்ச் சேர்ந்ததும் கோட்டு மாட்டிக்கொள்வார். அக்காதான் அவருடைய மேடை உதவியாளர். தட்டு நீட்டுவது, புறாவை வாங்கிக்கொள்வது, கடைசியில் ஆள் மறையும் பெட்டிக்குள் போய் மறைவது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. அவரு பேசுவாரு, நான் காணாம பூடுவேன்" என்பார் அக்கா. குள்ளமான உருவம், எதற்கும் பயப்படாத கண். நான் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வரும்போதெல்லாம் கிணற்றடியிலிருந்து குரல் கொடுப்பார்: "பூட்டு அங்கியேதான் கீது தங்கச்சி. எங்க மாஸ்டரு இன்னும் அத்த மறைய வெக்கல."

மாஸ்டருக்கு எங்கள் டெக்கின் மேல் ஒரு பகை உண்டு. ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பட்டன் ஒன்று இருக்குமே, அமுக்கினால் படம் அப்படியே நிற்கும், அதன்மேல்தான். எங்கள் முன்னறையில் பிள்ளைகள் சண்டைக் காட்சியை நிறுத்தி நிறுத்தி, கயிறு தெரிகிறதா என்று தேடுவதை அவர் பார்த்திருக்கிறார். "இந்த ரெண்டு கோடு கீதே, அதாம்மா என் தொழிலுக்கு வெச்ச வேட்டு" என்பார். "மனுசங் கண்ணு ஒரு தபாதான் பாக்கும். அத்த நம்பிதான் நான் பொழைக்கிறேன். நிறுத்திப் பாத்தா சாமி கூட மாட்டிக்கும்." அதனால் தன்னுடைய நிகழ்ச்சியை யாரும் படம் எடுக்க விட்டதில்லை. பிறந்த நாள் வீட்டில் கேமராவோடு நான் நின்றால், தொப்பியைக் கழற்றி லென்சை மூடிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே தோட்டப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிற ஒருவர் எழுதியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஆள் தேவை, உதவியாளரையும் அழைத்து வரலாம். ஆனால் முதலில் ஒரு வீடியோ கேசட் அனுப்ப வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கேமரா நின்றிருந்தாலும், அது கேமராவின் தந்திரமே தவிர ஆளின் தந்திரம் இல்லை என்று தள்ளிவிடுவோம். வீட்டுக்காரர் இதை இரண்டு முறை படித்துக்காட்டினார். கம்பெனி மூடியதிலிருந்து நிரந்தரமாக ஒன்றும் அமையாத மனிதர் மாஸ்டர். சைக்கிள் கேரியரில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மட்டும், "கப்பலா, ஏரோப்பிளேனா?" என்று கேட்டார்.

நாங்களும் அப்போதுதான் சொந்தமாக ஒரு கேமரா வாங்குவதென்று முடிவு செய்திருந்தோம். மாஸ்டரும் கூட வந்தார். மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்தில் மாடியில் ஒரு கடை. கேமராவை டிவியோடு ஒயரால் இணைத்து, தெரிவதை அப்படியே திரையில் காட்டுவார்கள். கடைக்காரர் முதலில் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து நீட்டினார். "புதுசா வந்தது சார். கையடக்கம்."

"கையடக்கம் என் வேலைங்க. கேமராவுக்கு எதுக்கு அது?" என்றார் மாஸ்டர்.

அதன் சின்ன கேசட் அரை மணி நேரம்தான் ஓடும். மாஸ்டரின் நிகழ்ச்சி முக்கால் மணிக்கும் மேல். நடுவில் கேசட் மாற்றினால் ஒரே ஓட்டம் போச்சு. அதை வைத்துவிட்டார்கள். அடுத்ததில் பெரிய கேசட் போட முடியும், மூன்று மணி நேரம் ஓடும். பார்க்கவும் அழகாக இருந்தது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதன் முன்னால் உருட்ட ஆரம்பித்தார். விரல் இடுக்கில் ஓடியது, மறைந்தது, கடைக்காரர் காதோரத்தில் வந்தது. திரையைப் பார்த்தால் அந்தக் கேமராவுக்குத் தலை சுற்றிவிட்டது. கை முன்னால் வந்தால் கையைத் தேடியது, கை விலகினால் பின்சுவர்க் காலண்டரைத் தேடியது, நடுவில் எல்லாம் பால் கொட்டினாற்போல் கலங்கியது. தானாகவே போகஸ் செய்துகொள்ளும் வகை, அதை நிறுத்த வழியில்லை என்றார்கள். "இது என்ன மாதிரி. எதப் பாக்கறதுன்னு தெரியாம தவிக்குது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவதுதான் பீரோ மேல் இருப்பது. கனம். கடைக்காரரே ஒதுக்கி வைத்திருந்தார், பழைய மாடல் என்று. ஆனால் போகஸைக் கையால் திருப்பிக்கொள்ளலாம். ஒரு முறை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். பள்ளிக்கூட ஹாலில் இரண்டு கலர் பல்புதான் இருக்கும் என்று நான் கவலைப்பட்டதால் கடை விளக்குகளை அணைத்துக் காட்டினார்கள். ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தாலும் முகம் தெரிந்தது. நான் கண்ணை வைத்து, ஜூமை முன்னால் இழுத்து, மாஸ்டரின் விரல்களைத் திரை முழுக்க நிறுத்தினேன். விரல் ரேகை தெரிந்தது, நகத்தோரத்தில் தோல் கம்பெனிக் கறை தெரிந்தது. நாணயம் போன வழி மட்டும் தெரியவில்லை. மாஸ்டர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி செய்தார், மறுபடியும் தெரியவில்லை. "நாணயமான கேமரா" என்றார். அதுதான் தீர்ப்பு. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தேன். வாசலிலேயே அக்கா பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, ஆசுபத்திரிலேர்ந்து கொயந்தையத் தூக்கினு வர்ற மாதிரி வர்ற" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் என் கவலைகளுக்கெல்லாம் ஒரு வேலை கிடைத்தது. ஒரு மணி நேரம் தோளில் வைத்தால் என் மூச்சே படத்தில் தெரியும். அதனால் மூன்று கால் ஸ்டாண்டு வாங்கினோம். அது இலேசாக இருந்தது, பிள்ளைகள் ஓடினால் ஆடும். வீட்டிலிருந்த அம்மிக் குழவியைத் துணிப்பையில் போட்டு ஸ்டாண்டின் நடுவில் கட்டித் தொங்கவிட்டேன், ஆட்டம் நின்றது. பாட்டரி முக்கால் மணிதான் வரும், ஆகவே கரண்டிலிருந்து ஒயர். கரண்ட் போய்விட்டால்? அதற்கு வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் சொல்லி, ஸ்கூட்டர் பாட்டரி ஒன்றை, கரண்ட் நின்றதும் தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி இணைத்துக் கொடுத்தார். கேமராவிலேயே இருந்த மைக் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்டது. தனி மைக் ஒன்றை மேடை விளிம்பில் கட்டினோம். எங்கே நிற்க வேண்டும் என்பதை மாஸ்டர் முடிவு செய்தார். ஹாலின் நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். "இந்தக் கோட்டுக்குள்ள நிக்கிற வரைக்கும் பெட்டி காலி. இம்மாம் ஒசரத்துல வெச்சிகினு அரை அடி அந்தாண்ட போனா குட்டு வெளிய வந்துடும், தெரிஞ்சிக்க" என்றார். பெட்டிக்குள் எப்படி என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. எழுத மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் நிகழ்ச்சி. பிள்ளைகள் வரிசையாக வந்து எனக்கு முன்னாலும் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். சரி பார்க்கலாமென்று பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், கடைசி வரிசை ஒருவன் பார்த்துவிட்டு, "டேய், எடுக்குறாங்கடா" என்றான். மொத்த ஹாலும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி எனக்குக் கை ஆட்டியது. இப்படியே போனால் மாஸ்டரை யார் பார்ப்பார்கள்? நான் மேடையைப் பார்த்தேன். அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை, ஜரிகை இல்லாதது, அனகாபுத்தூரில் அவருடைய அண்ணன் தறியில் நெய்தது. விளக்கை ஒரு பார்வை பார்த்தார். நெற்றியிலிருந்த பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்து விளக்கின் மேல் ஒட்டி, கட்டை விரலால் அமுக்கினார். "இப்ப இத்தப் பாத்து எவன் கை ஆட்டுறான் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் அறைச் சாமி படத்திலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பார்த்தேன். ஆனால் என் கவனமெல்லாம் ஒயரில் இருந்தது.

நாற்பது நிமிஷம் எல்லாம் சரியாகப் போனது. ரயில் சத்தம் வந்தது, ஒரு விமானம் தாழப் பறந்து போனது, மாஸ்டர் அதையும் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார். கடைசியாகப் பெட்டி. அக்கா உள்ளே போனார், கதவு மூடியது. மாஸ்டர் நீளமான கத்திகளை ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தார். நன்றாக எடுக்க வேண்டுமே என்ற ஆசையில் ஜூமை முன்னால் இழுத்தேன். பெட்டி திரை முழுக்க வந்தது. அடிப்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே, நூலளவு இடைவெளியில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு துண்டு தெரிந்தது. புடவை. இருக்கக்கூடாத இடத்தில். அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் இருந்த யாருக்கும் அவ்வளவு தூரத்தில் தெரியாது, எனக்கு மட்டும் தெரிந்தது. கேசட்டுக்கும் தெரிந்தது. அடுத்த கத்தி இறங்கியதும் மாஸ்டர் கதவைத் திறப்பார். அதற்குள் அந்தத் துண்டு உள்ளே போகுமா? கடல் தாண்டி யாரோ ஒருவர் இரண்டு கோட்டை அமுக்கினால் என்ன ஆகும்? ஜூமைப் பின்னால் தள்ளியிருக்கலாம். இன்றைக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. அன்றைக்குக் கை அதைச் செய்யவில்லை. ஸ்டாண்டின் கைப்பிடியை இழுத்துக் கேமராவை அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. திரை முழுக்க வாய் பிளந்த முகங்கள். ஒரு பெண் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடைக்குத் திரும்பியபோது அக்கா முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் முன்னறையில் போட்டுப் பார்த்தோம். கேமரா பிள்ளைகள் பக்கம் திரும்பிய இடம் வந்தது. வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். "கேமராவ எங்கடி திருப்பின? மனுஷன் வாழ்க்க அதுல இருக்கு." மாஸ்டர் கோபப்பட்டிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பாமலே, "இன்னாம்மா, கை நடுங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணால் வேண்டாம் என்றார். "ஆமாம் மாஸ்டர், பயந்துட்டேன்" என்றேன். என்னைப் பற்றி எல்லாரும் சுலபமாக நம்புகிற பதில் அதுதான்.

கிணற்றடியில் அக்கா சொன்னார். மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது ஆற்றோரச் சந்தில் சேற்றில் வழுக்கி விழுந்ததில் முட்டி போய்விட்டது. முன்போல் மடங்குவதில்லை. மடக்கினால் உயிர் போகிறது, மடக்காவிட்டால் புடவை வெளியே நிற்கிறது. "அவருக்குத் தெரிஞ்சா பெட்டியத் தூக்கி அடுப்புல வெச்சிடுவாரு. பெட்டி இல்லாம எவன் கூப்புடுவான் அந்தாள? அந்தூருக்குப் போனதும் ஊசி கீசி போட்டுக்கறேன். நீ வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை. ஆனால் மாஸ்டர் அடுத்த வாரம் அதே ஹாலைக் கேட்டிருந்தார், மறுபடி முழுவதும் எடுப்பதற்கு. இன்னொரு முறை அந்த முட்டி மடங்க வேண்டும். சொன்னால் அக்காவுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். அந்த வாரம் நான் பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இடையில் ஒருநாள் மாஸ்டர் வந்து கேசட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். முன்னறையைத் திறந்துவிட்டு நான் ரேஷன் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது டெக்கை அணைத்துவிட்டு, புறாக்கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெட்டி வேணாம்மா. ஏரோப்பிளேன்ல ஏத்த மாட்டானாம். விசாரிச்சுட்டேன்."

"எவன் சொன்னான்? மாடே ஏத்துறானாம் ஏரோப்பிளேன்ல" என்றார் அக்கா.

"மாட்டுக்குக் கொம்புதான் கீது. இதுல எட்டு கத்தி கீது. வுடுவானா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங் கேமரா எம்மாங் கிட்ட வரும் தங்கச்சி? கடைல நகத்து அழுக்கு வரைக்கும் காட்டிச்சே."

அப்படித்தான் இரண்டாவது கேசட் எங்கள் வாசலில் காலை வெயிலில் எடுக்கப்பட்டது. மேடை இல்லை, கோட்டு இல்லை. ஒரு ஸ்டூல், அதற்கு இந்தப் பக்கம் மாஸ்டர், எதிரே அக்கா. காலை நீட்டிக்கொண்டு உட்கார நாற்காலி. நாணயம், கயிறு, சீட்டுக்கட்டு, ஒரு எலுமிச்சம்பழம். ஹாலில் நூறு பேருக்கு நடுவே இவற்றைச் செய்தால் முதல் வரிசையைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அதனாலேயே அவர் மேடையில் செய்வதில்லை. கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் அந்தக் கைகளில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. போகஸை அவர் விரல்களில் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனேன். பாதியில் கரண்ட் போனது, ஸ்கூட்டர் பாட்டரி எடுத்துக்கொண்டது, கேமராவுக்குத் தெரியவே இல்லை. முக்கால் மணி நேரம், ஒரே ஓட்டம். படத்தில் அக்கா வருவது கை மட்டும்தான். நாணயத்தை வாங்கி மூடிக்கொள்ளும் கை, திறந்தால் வெறுமையாக இருக்கும் கை. "எத்தினி வருசமா பாத்துகினு கீறேன், இன்னும் எங்க போவுதுன்னு தெரியல" என்று ஒரு இடத்தில் அவர் குரல் கேட்கும். நடிப்பில்லை.

கடிதம் வந்தது. இரண்டு பேரும் போனார்கள், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்கள். அக்கா தட்டை ஏந்தி நின்றால் போதும். அங்கே யாரோ வைத்தியர் எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் முட்டி பாதி சரியானது என்றார். முதல் முறை திரும்பி வந்தபோது எனக்கு ஒரு குடையும், தனியாக மடித்த காகிதத்தில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் கொடுத்தார். "குடை உனக்கு. பொட்டு கேமராவுக்கு. எம்மாங் காலம் ஒரே பொட்டோட நிக்கும் அது?" நான் மாற்றவில்லை. புதுப் பொட்டுகளை நானே வைத்துக்கொண்டேன்.

அதெல்லாம் தொண்ணூறுகளோடு போயிற்று. நாங்கள் முடிச்சூருக்கு வந்துவிட்டோம், அவர்கள் அனகாபுத்தூருக்கே போய்விட்டார்கள். பெருவெள்ளத்தில் கட்டிலடியில் இருந்த கல்யாணக் கேசட்டுகள் எல்லாம் ஊறிப்போயின. இந்த இரண்டையும் கேமராவையும் பரணில் வைத்திருந்தேன், தப்பித்தன. எங்கள் பையன் அவற்றைப் பென் டிரைவில் மாற்றிக் கொடுத்தான். போன வருஷம் அக்கா போய்விட்டார். தூக்கத்திலேயே போனதாகச் சொன்னார்கள். போன மாதம், சொல்லாமல் கொள்ளாமல், மாஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாலை போட்ட வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த மொத கேசட்டு கீதா தங்கச்சி?"

இரண்டாவது இல்லையா என்று கேட்டேன். மலேசியாவுக்குப் போனது அதுதானே. "அதுல என் கைதான் கீது. என் கைய நான் தெனம் பாக்கறேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் மேடையில் நின்ற அக்காவுக்குப் படம் என்று ஒன்றும் கிடையாது. எடுத்த போட்டோக்களிலெல்லாம் மாஸ்டர் இருப்பார், பெட்டி இருக்கும். அக்கா உள்ளே இருப்பார். டிவியில் போட்டேன். தட்டு நீட்டுகிற அக்கா ஓரத்தில் வந்து வந்து போனார். மாஸ்டர் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்தது. என் கை தானாக ரிமோட்டைத் தேடியது, அந்த இடத்தை ஓட்டிவிடலாம் என்று.

"ஓட்டாத. அந்த ரெண்டு கோட்ட அமுக்கு" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அமுக்கியபோது நேரம் கடந்து பிள்ளைகளின் முகங்கள் வந்துவிட்டன. "இன்னும் பின்னால. கொயந்தைங்க பக்கம் திருப்புறதுக்கு மின்னாடி. ஏழாவது கத்திக்கும் எட்டாவதுக்கும் நடுவுல." தேட வேண்டிய அவசியமே இல்லாமல் சொன்னார். பின்னால் போய் நிறுத்தினேன். பழைய கேசட்டின் வெள்ளைக் கோடுகள் மேலும் கீழும் அப்படியே பதிந்திருந்த படத்தில், பெட்டியின் அடியில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு துண்டு நின்றது.

"அன்னிக்கே பாத்தீங்களா மாஸ்டர்?"

"நீ ரேசன் கடைக்குப் போனியே, அப்ப. ஒரே ஒரு தபாதான் அத்த அமுக்கினேன் வாழ்க்கைல." திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கடைசி வரைக்கும் ஏரோப்பிளேன்காரனத் திட்டிகினு இருந்தா பாவி. சொல்லிட்டா பேஜாராயிடும்னு வுட்டுட்டேன். உன்னத்தான் பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கு நான் வாயத் தொறக்கல. மனசுல வெச்சிக்காத."

வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றேன். அந்த நீலத் துண்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது நடுங்கவில்லை, நிறுத்தி வைத்ததால். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கிளம்பும்போது பீரோ மேல் கேமராவைக் கண்டார். இறக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, பொட்டை ஒரு விரலால் தொட்டார். யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேமராவை என்னிடம் நீட்டிவிட்டு, பழைய பழக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். வெறுங்கை. ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். பிறகுதான் பார்க்கிறேன், விளக்கு பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது, சுற்றிலும் ஒரு கறுப்பு வட்டம். அந்தப் பொட்டை எந்த விரல் எடுத்தது, எந்த மடிப்புக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன்.